ஜான் ஜேமிசன்: கொள்கை தோற்றது, அகராதி நின்றது

ஸ்காட்ஸ் மொழிக்கு முதல் பெரிய அகராதியைத் தொகுத்தவர், இளமையில் அதை ஒரு மொழியாகவே மதிக்காதவர். வடக்கே இருப்பவர்கள் ஆங்கிலத்தைப் பேசிப் பேசிச் சிதைத்துவிட்டார்கள், அதற்குத்தான் ஸ்காட்ஸ் என்று பெயர் என ஜான் ஜேமிசன் நினைத்திருந்தார். அன்றைக்குப் படித்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பலருக்கும் இதே எண்ணம்தான். அப்புறம் ஒரு ஐஸ்லாந்து அறிஞரைச் சந்தித்தார், எண்ணம் தலைகீழாக மாறியது. ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1808 இல் இரண்டு கனத்த தொகுதிகள் எடின்பரோவில் வெளிவந்தன. அவற்றின் முன்னால் அவர் எழுதிச் சேர்த்த மொழி வரலாற்றை இன்று எந்த ஆய்வாளரும் ஏற்பதில்லை. அகராதியை மட்டும் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஆள் எழுதிய ஒரே புத்தகத்தில் ஒரு பகுதி ஏன் செத்தது, மற்றது ஏன் பிழைத்தது என்பதுதான் ஜேமிசன் கதையில் என்னை இழுக்கும் விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்காட்லாந்தின் மொழி என்றதும் பலருக்கு கேலிக் நினைவுக்கு வரும். கேலிக் மேட்டுநிலத்திலும் மேற்குத் தீவுகளிலும் பேசப்பட்ட கெல்டிய மொழி, ஐரிஷுக்கு நெருங்கிய சொந்தம். ஸ்காட்ஸ் வேறு. அது தாழ்நிலப் பகுதிகளின் மொழி, ஆங்கிலத்தைப் போலவே ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1375 வாக்கில் ஜான் பார்பர் ராபர்ட் புரூஸ் மன்னரைப் பற்றிப் பாடிய நெடுங்காவியம் இந்த மொழியில்தான் இருக்கிறது. அரசவையிலும் நாடாளுமன்றச் சட்டங்களிலும் இதுவே புழங்கியது. 1603 இல் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னராகி லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1707 இல் நாடாளுமன்றமும் லண்டனோடு சேர்ந்துவிட்டது. அதன்பிறகு எடின்பரோவில் முன்னேற நினைத்தவர்களுக்குத் தங்கள் பேச்சே தடையாகத் தெரிய ஆரம்பித்தது.

அந்தக் கூச்சம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு, தத்துவஞானி டேவிட் ஹியூம் எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகளைப் பட்டியல் போட்டதே போதும். கவிஞரும் தத்துவப் பேராசிரியருமான ஜேம்ஸ் பீட்டியும் அதே வகையில் ஒரு பட்டியல் வெளியிட்டார். 1761 இல் தாமஸ் ஷெரிடன் என்ற ஐரிஷ் நடிகர் எடின்பரோவுக்கு வந்து ஆங்கில உச்சரிப்பு வகுப்பு எடுத்தபோது ஊரின் பெரிய மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். ஆங்கிலம் கற்க ஸ்காட்லாந்துக்காரர்கள் ஐரிஷ்காரரிடம் போன வேடிக்கை இது. இதற்கிடையே 1786 இல் ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகள் கில்மார்னக்கில் அச்சாகி, நாடே கொண்டாடியது. அந்தப் புத்தகத்தின் கடைசியிலும் ஒரு சொற்பட்டியல் தேவைப்பட்டது. பாட்டில் இருந்தால் பெருமை, வாயில் வந்தால் கேவலம் என்பது அன்றைய நிலை.

இந்தச் சூழலில் ஜேமிசன் பிறந்தது 1759 மார்ச் 3 ஆம் தேதி, கிளாஸ்கோவில். அப்பாவும் பாதிரியார்தான். அவர்கள் சேர்ந்திருந்த சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜேமிசனின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது அதில் தெரியும். 1733 இல் ஸ்காட்லாந்து அரசுத் திருச்சபையிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து போனது. பிரிந்தவர்கள் 1747 இல் மறுபடியும் இரண்டாக உடைந்தார்கள். சில நகரங்களில் குடியுரிமை பெறுவதற்கு எடுக்க வேண்டிய உறுதிமொழியை ஏற்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. ஏற்கக் கூடாது என்ற கண்டிப்பான பக்கம் ஜேமிசன் குடும்பம். ஒரு வாக்கியத்தின் பொருளுக்காகச் சபையையே உடைத்தவர்கள் மத்தியில் வளர்ந்த பையன், சொற்களின் பொருளை 20 ஆண்டுகள் துருவியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஒன்பது வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் சிறுவர்கள் சீக்கிரமே கல்லூரிக்குப் போவார்கள் என்றாலும் ஒன்பது என்பது அப்போதும் குறைவான வயதுதான். பிறகு ஆலோவாவில் இறையியல் படித்து, 20 வயதில் பிரசங்கம் செய்ய உரிமை பெற்றார். ஆங்கஸ் மாவட்டத்தில் ஃபார்ஃபர் என்ற சிறிய ஊரின் சபை அவரை அழைத்தது. வருடத்துக்கு 50 பவுண்டு சம்பளம். அங்கேயே சார்லட் வாட்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுக்குப் பிறந்தவை 17 குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் தந்தைக்கு முன்பே இறந்துபோனார்கள்.

ஃபார்ஃபரில் இருந்தபோது அவர் எழுதியதெல்லாம் பெரும்பாலும் வாதப் பிரதிவாதம். ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி, ஆதிக் கிறிஸ்தவர்கள் இயேசுவைக் கடவுளாகக் கருதவில்லை என்று வாதிட்டபோது, பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களை அடுக்கி ஜேமிசன் இரண்டு தொகுதிகளில் பதில் சொன்னார். அமெரிக்காவில் நியூ ஜெர்சி கல்லூரி, அதாவது இன்றைய பிரின்ஸ்டன், அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் கொடுத்தது. 1789 இல், வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிகத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் முதல்முறை முழங்கிய அதே ஆண்டில், 'அடிமைத்தனத்தின் துயரங்கள்' என்ற நீண்ட கவிதையை ஜேமிசன் வெளியிட்டார். ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய உண்மைகளின் நம்பகமான தொகுப்பு என்று அதன் தலைப்பிலேயே போட்டுக்கொண்டார். அவரைக் கவிஞர் என்று இன்று யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் கவிதைக்குக்கூட ஆதாரம் காட்ட நினைத்த மனிதர் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஐஸ்லாந்துக்காரர். கிரீமுர் தோர்கெலின் கோபன்ஹேகனில் பழம்பொருள் ஆய்வுப் பேராசிரியர். டென்மார்க் தொடர்பான பழைய ஆவணங்களைத் தேடி 1786 இல் பிரிட்டனுக்கு வந்தவர், லண்டனில் இருந்த 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் ஒரே கையெழுத்துப் பிரதியை முதன்முதலில் நகலெடுக்க வைத்தும், தானே எடுத்தும் பெயர் பெற்றார். அவர் ஸ்காட்லாந்திலும் சுற்றினார். ஃபார்ஃபருக்குப் பக்கத்தில் டன்னிக்கன் என்ற இடத்தில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பண்ணை வீடு இருந்தது. அங்கேதான் பாதிரியாரும் பேராசிரியரும் சந்தித்தார்கள்.

ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் கெட்டுப்போன வட்டார வழக்கு என்று ஜேமிசன் வழக்கம்போலச் சொன்னார். தோர்கெலின் ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கஸிலும் சதர்லாந்திலும் சில மாதங்கள் இருந்ததில், ஆங்கிலோ சாக்ஸனில், அதாவது பழைய ஆங்கிலத்தில், வழங்காத, முழுக்க முழுக்க ஸ்காண்டிநேவிய வடநாட்டுத் தன்மை கொண்ட 300, 400 சொற்களைத் தான் கேட்டதாகச் சொன்னார். ஐஸ்லாந்தில் பிறந்து டென்மார்க்கில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஆங்கஸ் விவசாயியின் பேச்சு வீட்டுப் பேச்சு மாதிரி இருந்திருக்கிறது. ஜேமிசனுக்கு உறைத்தது. இரண்டு பென்னி விலையில் ஒரு நோட்டு வாங்கி, ஊரில் காதில் விழும் சொற்களை எழுத ஆரம்பித்தார். அகராதியின் தொடக்கம் அந்த நோட்டுதான்.

அப்புறம் நடந்தது நோட்டுக்கு மேல் நோட்டு. சபையார் வீடுகளுக்குப் போகும்போதும் சொல் சேகரிப்பு நடந்தது. ஒரு பக்கம் வாய்மொழி, இன்னொரு பக்கம் பழைய நூல்கள். 1710 இல் தாமஸ் ரடிமன், கேவின் டக்ளஸின் மொழிபெயர்ப்புக் காவியத்துக்குச் சேர்த்திருந்த சொல்லடைவு ஒரு முன்மாதிரி. அதைவிடப் பெரிய முன்மாதிரி ஸ்வீடனிலிருந்து வந்தது. உப்சாலாவில் யோஹன் ஈரெ 1769 இல் வெளியிட்ட ஸ்வீடிஷ் சொற்பிறப்பு அகராதி ஜேமிசன் மேசையிலேயே கிடந்திருக்க வேண்டும், அவ்வளவு அடிக்கடி அதைக் குறிப்பிடுகிறார்.

1797 இல் எடின்பரோவின் நிக்கல்சன் தெருச் சபைக்கு மாறினார். இது இல்லாமல் அகராதி முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். வழக்கறிஞர் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் நடந்து போகும் தூரத்தில் கிடைத்தன. கவிஞரும் பின்னாளில் நாவலாசிரியருமான வால்டர் ஸ்காட் நண்பரானார், சொற்களும் விளக்கங்களும் கொடுத்தார். புத்தகம் முன்பதிவுச் சந்தாவில் வந்தது. அதாவது அச்சாகும் முன்பே பணம் தருவதாக ஒப்புக்கொள்ளும் வாசகர்களைப் பிடிக்க வேண்டும். தங்கள் பேச்சை மறைக்கப் பயின்றவர்களின் பிள்ளைகளே அந்தப் பேச்சின் அகராதிக்குச் சந்தா கட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அகராதியின் உள்ளே என்ன செய்தார்? இதுதான் முக்கியம். சாமுவேல் ஜான்சனின் 1755 ஆங்கில அகராதியிலும் மேற்கோள்கள் நிறைய உண்டு. ஆனால் ஜான்சன் நல்ல எழுத்தாளர்களின் நல்ல பயன்பாட்டைக் காட்டவே பெரும்பாலும் மேற்கோள் எடுத்தார். ஜேமிசனுக்கு மேற்கோள் என்பது சாட்சி. இந்தச் சொல் எந்தக் காலத்தில், யாருடைய எழுத்தில், என்ன பொருளில் வந்திருக்கிறது என்று பழையதிலிருந்து புதியதற்கு வரிசையாக வைத்தார். பார்பர், டன்பார், டக்ளஸ் போன்ற பழங்கவிஞர்கள், சட்டப் புத்தகங்கள், பிறகு 18 ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களான ராம்சே, பர்ன்ஸ், கடைசியில் எந்த மாவட்டத்தில் மக்கள் இன்னும் சொல்கிறார்கள் என்ற குறிப்பு. எழுத்தில் எங்கும் சிக்காமல் பேச்சில் மட்டும் இருந்த சொல்லுக்கும் இடம் கொடுத்தார், கேட்ட மாவட்டத்தின் பெயரோடு. ஒரு சொல்லின் வாழ்க்கை வரலாற்றைச் சான்றுகளோடு சொல்லும் முறை பிரிட்டனில் இவ்வளவு பெரிய அளவில் அதற்கு முன் செய்யப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884 இல்தான் வந்தது. ஜேமிசன் அதற்கு 76 ஆண்டுகள் முந்தியவர்.

இன்னொரு சுவையான விஷயம், இது பாதி கலைக்களஞ்சியம். குளிர்காலத் திருநாளான யூல், மே மாதம் நெருப்பு மூட்டும் பெல்டேன், ஆண்டின் கடைசி நாளான ஹாக்மனே போன்ற சொற்களுக்கு வந்தால் பாதிரியார் நிறுத்தவே மாட்டார். யார் எந்த வீட்டுக்குப் போனார்கள், என்ன பலகாரம் செய்தார்கள், ஸ்காண்டிநேவியாவில் இதே வழக்கம் எப்படி இருக்கிறது என்று பத்திகள் நீளும். கண்டிப்பான சபையின் பாதிரியார் இந்தப் பழைய வழக்கங்களை எழுதும்போது காட்டும் உற்சாகம் ரசிக்கத்தக்கது.

சரி, தோற்ற பகுதிக்கு வருவோம். ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் கிளை என்றால் அதற்குத் தனி மதிப்பு இல்லை என்று ஜேமிசன் பயந்தார். அப்படியானால் அது வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கிழக்கு ஸ்காட்லாந்தில் ஒன்பதாம் நூற்றாண்டு வரை ஆட்சி செய்த பிக்ட் மக்கள் அவருக்குக் கிடைத்தார்கள். ஜான் பிங்கர்ட்டன் என்ற வரலாற்றாசிரியர், பிக்ட் மக்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கோத்தியர்கள், அதாவது ஜெர்மானிய இனத்தவர், என்று 1789 இல் எழுதியிருந்தார். பிங்கர்ட்டனுக்குக் கெல்டியர்கள் மேல் இருந்த வெறுப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஜேமிசன் வெறுப்பை விட்டுவிட்டுக் கொள்கையை எடுத்துக்கொண்டார். பிக்ட் மக்களின் வடநாட்டு மொழிதான் வளர்ந்து ஸ்காட்ஸ் ஆனது, ஆகவே அது ஆங்கிலத்தின் மகள் இல்லை, சகோதரி என்பது அவர் வாதம்.

அகராதி வருவதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1807 இல், ஜார்ஜ் சால்மர்ஸ் தன் 'கலிடோனியா'வின் முதல் தொகுதியில் இதற்கு நேரெதிராக எழுதினார். பிக்ட் மக்கள் கெல்டியர்கள், வேல்ஸ் மக்களுக்கு உறவு என்றார். இடப்பெயர்களை ஆதாரம் காட்டினார். ஆற்று முகத்துவாரத்தைக் குறிக்கும் 'அபர்' என்ற முன்னொட்டு வேல்ஸில் அபரிஸ்ட்வித்தில் இருக்கிறது, ஸ்காட்லாந்தில் அபர்டீனில் இருக்கிறது. இப்படிப் பல பெயர்கள். ஜேமிசன் தன் முன்னுரையில் சால்மர்ஸோடு மல்லுக்கட்டினார். பின்னாளின் ஆய்வு சால்மர்ஸ் பக்கம்தான் சாய்ந்தது. பிக்ட் மொழி பழைய பிரித்தானியக் கெல்டிய மொழிகளோடு தொடர்புடையது என்பதே இன்றைய பொதுக் கருத்து. ஃபார்ஃபருக்கு அருகிலேயே, பிக்ட் மக்கள் செதுக்கிய போர்க்காட்சிக் கல் நிற்கும் ஊரின் பெயர் அபர்லெம்னோ. 16 ஆண்டுகள் அந்தப் பகுதியில் இருந்தவர் ஜேமிசன்.

அப்படியென்றால் தோர்கெலின் கேட்ட வடநாட்டுச் சொற்கள்? அவை பொய்யில்லை. ஸ்காட்ஸின் வேர் நார்தம்ப்ரியா அரசின் பழைய ஆங்கிலம். அதைப் பேசிய ஆங்கிலியர்கள் ஏழாம் நூற்றாண்டுக்குள் தென்கிழக்கு ஸ்காட்லாந்தில் குடியேறிவிட்டார்கள். 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் வணிக நகரங்களை உருவாக்கியபோது வடக்கு இங்கிலாந்திலிருந்து மேலும் ஆட்கள் வந்தார்கள். வைக்கிங் குடியேற்றத்தால் அவர்களுடைய ஆங்கிலத்தில் ஏற்கனவே வைக்கிங்குகளின் மொழியான நார்ஸின் சொற்கள் ஊறிப்போயிருந்தன. வீடு மாறுவதற்கு 'ஃபிளிட்', தெருவுக்கு 'கேட்' என்பதெல்லாம் அந்த வழியாக வந்தவை. குழந்தையைக் குறிக்கும் 'பெய்ர்ன்' போன்ற சில சொற்கள் பழைய ஆங்கிலத்திலும் இருந்து, தெற்கே வழக்கொழிந்து வடக்கே மட்டும் தங்கியவை. லண்டன் ஆங்கிலத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இரண்டுமே அந்நியமாகத் தெரியும். ஜேமிசன் ஒப்பிட்டது லண்டனோடு, ஒப்பிட்டிருக்க வேண்டியது வடக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயரோடு. டன்னிக்கனுக்கு இதில் ஒரு குறும்பான பங்கு உண்டு. கி.பி. 685 இல் பிக்ட் மக்கள் நார்தம்ப்ரியா படையைத் தோற்கடித்த போர்க்களம் அதுதான் என்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. ஸ்காட்ஸை யார் தந்தார்கள் என்ற வழக்கின் இரண்டு தரப்பும் மோதிய மண்ணில் உட்கார்ந்துதான் ஜேமிசன் தவறான தரப்பைத் தேர்ந்தெடுக்கும் பாதையில் முதல் அடி வைத்தார்.

வரலாற்றாசிரியராக அவர் எழுதிய மற்ற நூல்களிலும் இதே சிக்கல்தான். 1811 இல் ஐயோனாத் தீவில் இருந்த கல்டீ என்ற பழைய கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ரோமுக்குக் கட்டுப்படாத, பிஷப்புகளின் அதிகாரம் இல்லாத, கிட்டத்தட்ட தன் சபையைப் போன்ற ஒரு தூய திருச்சபையை அவர்களிடம் கண்டார். ஆதாரங்களைச் சிரத்தையாகத் திரட்டியிருக்கிறார், ஆனால் முடிவு முதலிலேயே தயாராக இருந்தது. 1814 இல் வந்த 'ஹெர்மஸ் சித்திகஸ்' கிரேக்கம், லத்தீன் இரண்டையும் கோத்திய மொழியோடு உறவாட வைக்கும் முயற்சி. அதை இன்று படிக்கப் பொறுமை வேண்டும். 1820 இல் பார்பரின் 'புரூஸ்', குருட்டு ஹாரியின் 'வாலஸ்' ஆகிய இரு காவியங்களையும் வழக்கறிஞர் நூலகத்தில் இருந்த 15 ஆம் நூற்றாண்டுப் பிரதிகளைக் கொண்டு பதிப்பித்தார். இது உருப்படியான வேலை. கொள்கை பேசாமல் மூலத்தை எடுத்து வைக்கும்போது அவர் எப்போதும் தன் சிறந்த நிலையில் இருக்கிறார். அதே ஆண்டில், 73 ஆண்டுகளாகப் பிரிந்து கிடந்த இரண்டு சபைகளும் மீண்டும் ஒன்றாயின. அந்த இணைப்புக்குப் பாடுபட்டவர்களில் ஜேமிசனும் ஒருவர்.

அகராதி அவரைச் சும்மா விடவில்லை. 1818 இல் சாதாரண வாசகர் வாங்கக்கூடிய சுருக்கப் பதிப்பு வந்தது. வாசகர்கள் விட்டுப்போன சொற்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1825 இல் வந்த பின்னிணைப்பு மட்டுமே இரண்டு தொகுதிகள். அதில் வால்டர் ஸ்காட்டின் நாவல்களே மேற்கோள் மூலமாகின. அகராதிக்கு உதவிய ஸ்காட் நாவலில் பழஞ்சொற்களைப் புழங்கினார், அந்தச் சொற்கள் திரும்பி அகராதிக்குள் வந்தன. இதில் எது மக்கள் வழக்கு, எது ஸ்காட் உயிர்ப்பித்தது என்று பிரிப்பது பின்னாளில் வந்தவர்களுக்குத் தலைவலி.

பணவிஷயத்தில் கடைசிக் காலம் அவ்வளவு சுகமில்லை. நான்காம் ஜார்ஜ் மன்னர் நிதியளித்த அரச இலக்கியக் கழகம் பத்து அறிஞர்களுக்கு ஆண்டுக்கு 100 கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கொடுத்து வந்தது. கவிஞர் கோல்ரிட்ஜ், பொருளியலாளர் மால்தஸ் ஆகியோருடன் ஜேமிசனும் அந்தப் பத்துப் பேரில் இருந்தார். மன்னர் இறந்ததும் உதவித்தொகை நின்றுபோனது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அரசு வேறு வழியில் ஓய்வூதியம் கொடுத்தது. 1830 இல் சபைப் பொறுப்பிலிருந்து விலகினார், அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் அரண்மனைகளைப் பற்றி ஒரு நூலும் வந்தது. வால்டர் ஸ்காட் தன் நாட்குறிப்பில், இவர் நல்ல மனிதர், பழைய ஸ்காட்லாந்துக் கதைகள் நிறைய வைத்திருப்பவர், இளைஞர்களுக்குத்தான் அவை ருசிக்கவில்லை என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். 1838 ஜூலை 12 அன்று எடின்பரோவில் இறந்தார். செயின்ட் கத்பர்ட் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் கொள்கையை உடைத்தவர்களில் ஒருவர், அவர் இறப்பதற்கு ஓர் ஆண்டு முன்பு எல்லைப்புறக் கிராமமான டென்ஹோமில் பிறந்த ஜேம்ஸ் மரே. ஸ்காட்ஸும் வடக்கு இங்கிலாந்தின் பேச்சும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை 1873 இல் ஒரு நூலில் தெளிவாகக் காட்டிவிட்டார். அதே மரே பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியரானபோது, ஜேமிசனின் மேற்கோள்கள் அங்கே தாராளமாகப் பயன்பட்டன. முன்னுரையை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் சான்றுகளை எடுத்துக்கொள்வதில் மரேவுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஜேமிசன் ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கிருந்து எடுத்தார் என்று குறித்திருந்ததால்தான் இது முடிந்தது. மூலத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம், அவர் சொன்ன வேரை நிராகரித்துவிட்டு அவர் தந்த வரியை வைத்துக்கொள்ளலாம். தன்னை மறுப்பதற்கான பொருளையும் தானே வாசகர் கையில் கொடுத்திருக்கிறார்.

1879 முதல் 1882 வரை பெய்ஸ்லியில் லாங்மியூரும் டொனால்ட்சனும் அகராதியை விரித்துப் பதிப்பித்தார்கள். 20 ஆம் நூற்றாண்டில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்தது. 1700 வரையிலான மொழிக்கான அகராதியை டண்டீயில் பிறந்த வில்லியம் கிரெய்கி தொடங்கினார். அவரும் இளமையில் ஐஸ்லாந்து இலக்கியம் படிக்கக் கோபன்ஹேகன் போனவர்தான். அது 1931 இல் வெளிவரத் தொடங்கி 2002 இல்தான் முடிந்தது. 1700க்குப் பிந்தைய மொழிக்கான ஸ்காட்டிஷ் தேசிய அகராதி 1931 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. 2004 இல் இரண்டும் சேர்ந்து இணையத்தில் ஏறின. ஜேமிசனுக்கு முன்னால் இதே வேலையை நினைத்துப் பார்த்த இன்னொருவரும் உண்டு. ஜான்சனின் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் ஸ்காட்ஸ் அகராதி ஒன்றைத் தொடங்கி விட்டுவிட்டார். அதன் கையெழுத்துப் பிரதியை, ஜேமிசனைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த சூசன் ரெனி 2011 இல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் அடையாளம் கண்டார்.

இணைய அகராதியில் 1700க்குப் பிந்தைய ஒரு சொல்லைத் தேடினால், பல இடங்களில் 1808 என்ற ஆண்டையும் ஜேமிசன் பெயரின் சுருக்கத்தையும் மேற்கோள் வரிசையில் பார்க்கலாம். பர்ன்ஸுக்கும் ஸ்காட்டுக்கும் நடுவே, அவர்களைப் போலவே ஒரு சாட்சியாக அவரும் நிற்கிறார்.